கிழிசல் இல்லை

ஜனவரி 9

அன்புள்ள சித்திக்கு,

ஃபோன் இருக்கும்போது கடிதம் எழுதுகிறேன், மன்னித்துவிடுங்கள். போன ஞாயிறு நீங்கள் பேசியபோது ‘ம்’, ‘சரி’, ‘ஆமாம்’ என்பதை வைத்தே முழு நேரத்தையும் ஓட்டிவிட்டேன். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வந்து வரிசையில் நின்றது. எழுதினால் எனக்குக் கொஞ்சம் வாய் வருகிறது.

நான் சுகமே. அறையில் உடன் இருப்பவள் குறட்டை விடுகிறாள் என்பதைத் தவிரக் குறை ஒன்றுமில்லை. உங்கள் முட்டிவலி குறைந்ததா? சித்தப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது?

வலது கண்ணில் புரை முற்றிவிட்டது என்றீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எங்கள் கண் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் ஓர் ஆய்வு தொடங்கியிருக்கிறது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸை மெல்லிய உறை ஒன்று மூடியிருக்கும். புரை அறுவையில் அந்த உறையின் முன்பக்கத்தை வட்டமாகத் திறந்து, மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, புதியதை அதே உறைக்குள் வைப்பார்கள். வட்டத்தைக் கையால் திறப்பது நல்லதா, புதிதாக வந்த கருவியால் திறப்பது நல்லதா என்பதுதான் ஆய்வு. உங்கள் ஊர்க் கிளையிலும் நடக்கிறது. நல்ல டாக்டர். அறுவைக்குப் பிறகும் அடிக்கடி கூப்பிட்டுப் பார்ப்பார்கள்.

சேர்ந்துவிடுங்கள் சித்தி. பயப்பட ஒன்றுமில்லை, நான் இருக்கிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா மகள்

---

ஜனவரி 21

அன்புள்ள வாயாடிக்கு,

நீ வாயே திறக்கமாட்டேன்னுதான் உனக்கு இந்தப் பேரு வெச்சேன். லெட்டரைப் பார்த்தா பேரு சரியாத்தான் இருக்கு! இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். எனக்குப் பேசற மாதிரிதான் எழுத வரும், பரீட்சை பேப்பர் மாதிரி திருத்திடாதே.

இப்பல்லாம் நான் ஓட்டும்போது எதிர் வண்டி லைட் பட்டா பஸ் கண்ணாடி பூரா பால் ஊத்தின மாதிரி ஆகுது. பின்னாடி நாப்பது பொண்ணுங்க உட்கார்ந்திருக்காங்க. ஃபாக்டரி போய்ச் சேர்ற வரைக்கும் என் உசிரு என்கிட்ட இல்ல. அதனால சேர்ந்துட்டேன். உன் சித்தப்பா சொன்னாரு, “நம்ம குடும்பத்துல முதல்ல காலேஜ் படியேறினவ சொல்றா, அப்புறம் என்ன யோசனை?”

டிப்போ மேனேஜருக்குச் சிரிப்பு. “ஆராய்ச்சியெல்லாம் எலிக்குத்தானம்மா பண்ணுவாங்க?”ன்னாரு. “எலிக்கு பஸ் ஓட்ட வராதே சார்”னேன்.

உடம்பைப் பார்த்துக்கோ. குறட்டைக்காரியை ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லு.

சித்தி

---

பிப்ரவரி 18

அன்புள்ள வாயாடிக்கு,

ஆச்சு! வலிக்கவே இல்ல. ஒரு பெரிய வெளிச்சம், யாரோ தண்ணிக்குள்ள விரலை விட்டு அலசற மாதிரி ஒரு கலக்கம், அவ்வளவுதான். டாக்டர் சின்ன வயசு, மரியாதையான ஆளு. “அசையாம இருந்தீங்கம்மா, நன்றி”ன்னாரு. எனக்கு யாரும் அப்படி நன்றி சொன்னதில்ல, வெட்கமாப் போச்சு.

கட்டு எடுத்ததும் முதல்ல பார்த்தது உன் சித்தப்பா மூஞ்சி. “இவ்வளவு சுருக்கம் எப்ப வந்துச்சு?”ன்னேன். “நீ குருடா இருந்தப்பவே நிம்மதியா இருந்தேன்”னாரு. சொட்டு மருந்து போடறேன்னு பாதியை என் மூக்குல ஊத்தறாரு.

டாக்டர் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. நீ சொன்னதாலதான் இது நடந்துச்சு. நல்லா இரு.

சித்தி

---

மார்ச் 6

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அறையில் தனியாகச் சிரித்தேன். நான் நலம். பதில் தாமதமாகிவிட்டது, வேலை சேர்ந்துபோனது.

என் வேலை என்ன என்று அம்மாவுக்கே தெரியாது. ஆய்வில் சேர்ந்தவர்களின் அறுவையை மைக்ராஸ்கோப் வழியாகப் பதிவுசெய்து எங்களுக்கு அனுப்புவார்கள். பெயர் இருக்காது, ஊர் இருக்காது, ஓர் எண் மட்டும். நாங்கள் அதை ஓட்டிப் பார்த்து, உறை கிழிந்திருக்கிறதா என்று குறிக்க வேண்டும். கட்டங்கள் மூன்று: ‘கிழிசல் உண்டு’, ‘கிழிசல் இல்லை’, ‘சந்தேகம்’. ‘உண்டு’ என்றால் உடனே அந்தக் கிளைக்குத் தகவல் போய்விடும். நோயாளியை அழைத்து மறுபடி பார்ப்பார்கள். ‘சந்தேகம்’ என்றால் எங்கள் மேற்பார்வையாளர் வந்து பார்ப்பார். தூசியைக்கூட இரண்டு முறை பார்ப்பவர் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி.

கண் யாருடையது என்று எங்களுக்குத் தெரியக் கூடாது. தற்செயலாகத் தெரிந்துவிட்டால் பார்ப்பதை அங்கேயே நிறுத்திவிட்டு எழுந்துபோய்ச் சொல்ல வேண்டும், வேறொருவர் பார்ப்பார். வெறும் கண்ணைப் பார்த்து யாருக்கு அடையாளம் தெரியப்போகிறது என்று எல்லாரும் சிரிப்போம்.

சித்தி, உங்கள் கருவிழியை ஒட்டித் தேயிலைத் தூள் ஒட்டியது போல ஒரு பழுப்புப் புள்ளி இருக்குமே, அது எந்தக் கண்ணில்? சும்மாதான் கேட்டேன்.

பரிசோதனைக்கு ஒருமுறைகூடத் தவறாமல் போங்கள்.

அன்புடன்,
உங்கள் வாயாடி

---

மார்ச் 17

அன்புள்ள வாயாடிக்கு,

நலம்தானே? இங்க சுகம். புள்ளி வலது கண்ணுலதான் இருக்கு, ஆபரேஷன் பண்ணின அதே கண்ணு. அழிஞ்சு போயிருக்கும்னு நினைச்சேன், அப்படியே இருக்கு. எதுக்குக் கேட்டே?

மறுபடி பஸ் எடுக்க டாக்டர் சரின்னுட்டாரு. சாயங்கால ட்ரிப்புல மட்டும் தெருவிளக்குக்குப் பக்கத்துல நகம் வெட்டிப் போட்ட மாதிரி ஒரு வளைஞ்ச வெளிச்சம் தெரியுது. புது லென்ஸ் பழக நாளாகும்போல.

அடுத்த பரிசோதனை மே மாசம்தான். அதுக்குள்ள உன் லெட்டர் வரணும்.

சித்தி

---

ஏப்ரல் 24

அன்புள்ள வாயாடிக்கு,

உன்கிட்டேயிருந்து பதிலே காணோம். உடம்பு சரியில்லையா? அக்காகிட்ட கேட்டா, “அவ எப்ப பேசினா, இப்ப பேச”ங்கறா.

சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். இப்ப ஒரு விளக்கு ரெண்டா தெரியுது. வண்டியில பொண்ணுங்க கிண்டல் பண்ணுதுங்க, “அக்கா, கரண்ட் செலவில்லாம ரெண்டு லைட், உங்களுக்கு லாபம்தான்!” நானும் சிரிக்கிறேன். ஆனா நேத்து ரெண்டு பைக் வருதுன்னு ஒதுங்கினேன், வந்தது ஒண்ணு.

தப்பு என் மேலதான். ஒரு நாள் நடுரோட்டுல டயர் பஞ்சர். க்ளீனர் லீவு. பொண்ணுங்களுக்கு ஷிப்ட் தவறிடுமேன்னு நானே குனிஞ்சு ஸ்டெப்னியைத் தூக்கினேன். டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாரு. நீ சிபாரிசு பண்ணி சேர்த்துவிட்ட ஆளு நான், உன் பேரைக் கெடுத்துட்டேன். கோபமா? அதான் எழுதலையா?

சித்தி

---

மே 3

அன்புள்ள சித்திக்கு,

கோபமெல்லாம் இல்லை. உடம்பும் நன்றாகத்தான் இருக்கிறது. எழுத உட்கார்ந்தேன், வரவில்லை.

மே மாதப் பரிசோதனை வரும்வரை காத்திருக்காதீர்கள். நாளைக்கே போங்கள். கண் பாப்பாவைப் பெரிதாக்கும் சொட்டு மருந்து போட்டு, லென்ஸ் நேராக உட்கார்ந்திருக்கிறதா, அதன் பின்பக்க உறை முழுதாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். கண்ணில் மின்னல் வெட்டினாலோ கரும்புள்ளிகள் மிதந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம். அதுவரை பஸ் எடுக்காதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

டயர் தூக்கியதால்தான் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அப்படி இருக்காது என்று நினைக்கிறேன்.

சித்தப்பாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா மகள்

---

மே 22

அன்புள்ள வாயாடிக்கு,

நீ எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒப்பிச்சேன். டாக்டர் ஒரு மாதிரி பார்த்தாரு. “யாருங்க உங்களுக்குச் சொன்னது?”ன்னாரு. “எங்க அக்கா பொண்ணு”ன்னு சொல்லும்போது அந்த நிலைமையிலயும் பெருமையாத்தான் இருந்துச்சு.

நீ சொன்னபடிதான். பின்னாடி உறையில கிழிசலாம், லென்ஸ் அது வழியா ஒரு பக்கமா இறங்கிடுச்சாம். “அடிபட்டுச்சா? கீழே விழுந்தீங்களா? கனம் எதாவது தூக்கினீங்களா?”ன்னு கேட்டாரு. டயர் கதையைச் சொன்னேன். அவரு பெருமூச்சு விட்டாரு. எனக்கு எங்க போய் மூஞ்சியை வெச்சுக்கறதுன்னு தெரியல. “மன்னிச்சுக்குங்க டாக்டர், உங்க வேலையை நாசம் பண்ணிட்டேன்”னு கைகட்டி நின்னேன்.

மறுபடி ஆபரேஷன் பண்ணி லென்ஸை நிறுத்தணுமாம். பஸ்ஸை என்கிட்டேயிருந்து வாங்கிட்டாங்க. டிப்போல சாவி கொடுத்து வாங்கற ஜன்னல்ல உட்கார்ந்திருக்கேன். என் வண்டியை வேற ஒருத்தன் எடுத்துட்டுப் போறான், கியர் மாத்தற சத்தத்துலயே தெரியுது, அவனுக்கு அவ மேல அக்கறை இல்ல.

உன்கிட்டேயும் மன்னிப்பு கேட்டுக்கறேன்டா. உன் ஆராய்ச்சிக்கு என்னால கெட்ட பேரு வந்துடக் கூடாது.

சித்தி

---

ஜூன் 1

அன்புள்ள சித்திக்கு,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் டயர் தூக்கியதால் அந்த உறை கிழியவில்லை. அது அறுவையின்போதே கிழிந்தது. நான் பார்த்தேன்.

மார்ச் தொடக்கத்தில் அந்த ரெக்கார்டிங் என் ஸ்க்ரீனுக்கு வந்தது. வெளிச்சம் சரியானதும் கருவிழியின் ஓரத்தில் உங்கள் புள்ளி. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எழுந்து, எல்லாருடைய மேசைகளையும் கடந்துபோய், எல்லாரும் திரும்பிப் பார்க்க, ‘இது எங்கள் சித்தி’ என்று சொல்ல வேண்டுமே. உட்கார்ந்தே இருந்தேன். நன்றாகத்தான் நடந்திருக்கும், பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றும் ஓர் ஆசை.

வட்டம் அழகாகத் திறந்தது. லென்ஸ் சுலபமாக வெளியே வந்தது. கடைசியில், ஒட்டியிருந்த மிச்சத்தைச் சுத்தம் செய்யும்போது பின்பக்க உறையில் ஒரு கோடு மின்னி, அதன் ஓரம் லேசாகச் சுருண்டது. டாக்டரின் கை நிற்கவில்லை. அவர் கண்ணில் அது படவில்லை. புதிய லென்ஸை வைத்துவிட்டார்.

நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். வேறு யாருடைய கண்ணாக இருந்தாலும் ‘கிழிசல் உண்டு’ என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன். உங்கள் கண் என்பதால் என் கண்ணை நான் நம்பவில்லை. பயத்தில் இல்லாததைப் பார்க்கிறோம், பாசம் உள்ளவளின் பார்வை நேராக இருக்காது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ‘சந்தேகம்’ என்ற கட்டத்தைத் தொட்டிருக்கலாம். தொட்டால் பூதக்கண்ணாடி பக்கத்தில் வந்து நின்று ஏன் என்று கேட்பார். ‘கிழிசல் இல்லை’ என்று குறித்தேன்.

சரியாகக் குறித்திருந்தால் உங்கள் கிளைக்கு அன்றே தகவல் போயிருக்கும். லென்ஸ் நகர்வதற்கு முன்பே உங்களைக் கூப்பிட்டிருப்பார்கள்.

உங்கள் மே மாதக் கடிதம் வந்த அன்று எழுந்துபோனேன்.

“மேடம், ஒரு ரெக்கார்டிங்கைத் தப்பாக் குறிச்சுட்டேன்.”

“ஒண்ணுதானே? அதுக்கு ஏன் இப்படி வேர்க்குது? கொண்டா, பார்ப்போம்.”

“அது எங்க சித்தி கண்ணு.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “எப்ப தெரிஞ்சது?”

“பார்த்த உடனே.”

“அப்ப இது தப்பாக் குறிச்சது இல்லம்மா” என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் குறித்த எல்லா ரெக்கார்டிங்குகளையும் இப்போது வேறு இருவர் முதலிலிருந்து பார்க்கிறார்கள். எனக்கு ஸ்க்ரீன் முன்னால் இடமில்லை. ஆய்வுக்குப் பொறுப்பான பெரிய டாக்டர் உங்கள் டாக்டரிடம் பேசிவிட்டார். முன்பே தெரிந்திருந்தால் கண் சரியாக இருந்திருக்குமா என்று அவரிடம் கேட்டேன். “இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம்” என்றார். அந்த இரண்டாவது பாதியைப் பிடித்துத் தொங்க எனக்கு ஆசைதான். ஆனால் என்னால் முடியவில்லை.

நீங்கள் யாரிடமும் மன்னிப்பு கேட்க வேண்டியதில்லை.

அக்கா மகள்

---

ஜூலை 30

உன் லெட்டரை உன் சித்தப்பாதான் படிச்சுக் காட்டினாரு. எழுத்து எனக்கு ரெண்டு ரெண்டா தெரியுது. பாதியில நிறுத்திட்டாரு. “மிச்சத்தையும் படிங்க”ன்னேன். படிச்சு முடிச்சுட்டு வாசலுக்குப் போய் நின்னுட்டாரு.

இத்தனை நாள் ஏன் எழுதலன்னு உனக்கே தெரியும். எழுதினா நல்ல வார்த்தை வராது.

கண்ணு போனா போச்சு. டாக்டர் பார்க்கல, அது கைத்தப்பு. எனக்கும் ஆகியிருக்கு, ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்டை இடிச்சிருக்கேன். இடிச்ச உடனே இறங்கி, “நான்தான்”னேன். நீயும் பயந்துட்டே, அதுவும் எனக்குப் புரியுது. சின்ன வயசுலேயே கடையில மீதி சில்லறை கேட்கப் பயந்து அழுதுட்டு வருவே.

ஆனா நான் லெட்டர் லெட்டரா மன்னிப்பு கேட்டுக்கிட்டே இருந்தேன். நீ அதைப் படிச்சுக்கிட்டே இருந்தே. டயர் தூக்கினேன், தப்பு என்னோடதுன்னு அழுது எழுதினேன். ‘அப்படி இருக்காது என்று நினைக்கிறேன்’னு பதில் போட்டே. நினைக்கிறியா? பார்த்தவ நீ! அந்த டாக்டர் முன்னாடி கைகட்டி நின்னேனே, அப்ப நீ எங்கடி இருந்தே? ‘நான் இருக்கிறேன்’னு எழுதினவதானே நீ?

அக்காவுக்கு எதுவும் சொல்லல. கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே.

---

செப்டம்பர் 5

நல்லா இருக்கியா? நான்தான் முதல்ல எழுதணும், எழுதாதேன்னு சொன்னது நான்தானே.

ரெண்டாவது ஆபரேஷன் ஆச்சு. வேற டாக்டர் பண்ணினாரு. லென்ஸைத் தூக்கி நிறுத்தியாச்சு. ஒரு விளக்கு ஒரு விளக்காத்தான் தெரியுது, ஓரத்துல மட்டும் லேசா ஆடுது. கண்ணு ஆறட்டும், அப்புறம் லைசென்ஸுக்கு டெஸ்ட் வைக்கலாம்னாங்க. பாஸ் பண்ணுவேனான்னு யாரும் வாயைத் திறந்து சொல்லல.

பழைய டாக்டரைப் போய்ப் பார்த்தேன். “நான் குனிஞ்சதால இல்லையாமே?”ன்னேன். “இல்லம்மா. நான்தான் பார்க்கல”ன்னாரு. என் வயசுல பாதி இருக்கும் அவருக்கு. அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தாரு.

அந்தக் கிழிசல் எப்படி இருந்துச்சுன்னு ஒரு நாள் எனக்கு விளக்கமா எழுது. என் கண்ணுக்குள்ள நடந்தது, என்னைத் தவிர எல்லாரும் பார்த்திருக்கீங்க.

நீ ஃபோனை எடுக்கறதே இல்லைன்னு அக்கா புலம்பறா. அவகிட்ட பேசு. சாப்பாட்டைக் குறைக்காதே.

சித்தி

---

செப்டம்பர் 19

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரிக்காமல் சாயங்காலம் வரை பையிலேயே வைத்திருந்தேன். பிரித்ததும் கடைசி வரியைத்தான் முதலில் படித்தேன். ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். அம்மாவிடம் பேசினேன், நடந்ததை நானே சொன்னேன். அம்மா நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. ஒருவர் மௌனமாக இருந்தால் மறுபக்கம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நீங்கள் கேட்டதை எழுதுகிறேன். பின்பக்க உறை கண்ணாடித் தாளைவிட மெல்லியது, அது இருப்பதே தெரியாது. வெளிச்சம் சாய்வாகப் படும்போது மட்டும் தண்ணீரின் மேற்பரப்பு போல ஒரு பளபளப்பு. அதில் நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு கீறல் விழுந்தது. விழுந்த இடத்தில் பளபளப்பு போய், ஒரு சிறிய கறுப்புப் பிறை தெரிந்தது. பிறகு அதன் விளிம்பு மடங்கியது. அவ்வளவுதான். ரத்தம் இல்லை. நீங்கள் அசையவும் இல்லை. டாக்டர் உங்களுக்கு நன்றி சொன்னது நியாயம்தான்.

நான் குறித்தவற்றை மறுபடி பார்த்து முடித்துவிட்டார்கள். மற்றவை எல்லாம் சரியாக இருந்தன. உங்களுடையது ஒன்றுதான் தப்பு. எல்லாவற்றையும் தப்பாகக் குறித்திருந்தால் எனக்குத் திறமை போதாது என்று சொல்லிக்கொண்டிருக்கலாம்.

லைசென்ஸ் டெஸ்டைப் பற்றிப் பெரிய டாக்டரிடம் கேட்டேன். இந்த முறை தயங்காமல் அவர் அறைக்கே போனேன். அந்த ஓர ஆட்டம் குறைய வாய்ப்பு உண்டு, உறுதி சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிவிட்டேன். இடது கண்ணிலும் புரை இருக்கிறது, அதற்கு எங்கே, யாரிடம் போவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். இந்த முறை நான் எதுவும் சொல்லமாட்டேன். கேட்டால் மட்டும் தெரிந்ததைச் சொல்வேன்.

சித்தப்பா இன்னும் வாசலில் போய் நிற்கிறாரா? அவருக்குத் தனியாக எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. உங்கள் முட்டிவலியை இத்தனை மாதங்களாக விசாரிக்கவே இல்லை. இப்போது எப்படி இருக்கிறது?

கடிதத்தை இங்கேயே முடித்துவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். முதல் பத்தியிலிருந்து தள்ளித் தள்ளி இங்கே கொண்டுவந்துவிட்டேன்.

அடுத்த மாதம் எங்கள் பிரிவில் புதிதாகச் சிலர் சேர்கிறார்கள், எல்லாரும் என்னைப் போல இப்போதுதான் படித்து முடித்தவர்கள். அவர்களுக்குப் பயிற்சியில் உங்கள் ரெக்கார்டிங்கைக் காட்டப்போகிறார்கள். அதற்கு நீங்கள் ஆய்வில் சேரும்போதே சம்மதித்திருக்கிறீர்கள், பார்ப்பவர்களுக்கு எண் மட்டும்தான் தெரியும். யார் பேசுவது என்று பூதக்கண்ணாடி கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு வேறு யாராவது தூக்குகிறார்களா என்றும் பார்த்தார்.

கிழிசலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர்களுக்கு யார் வேண்டுமானாலும் சொல்லித் தரலாம். தெரிந்த கண் வந்தால் உட்கார்ந்திருக்கக் கூடாது, எழுந்துபோய்ச் சொல்ல வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டும். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் சம்மதம் இல்லாமல் சொல்லவும் கூடாது. வேண்டாம் என்றால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதி அனுப்புங்கள், போதும்.

அங்கே ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டு, அவர்கள் எல்லாரும் கேட்கும்படியாக, ‘இது என் சித்தியின் கண்’ என்று நான் சொல்லலாமா?